கடைசிப் பெட்டி

தண்டையார்பேட்டையில் ரயில்வே தேர்வுக்கான மாலை வகுப்பு. பின்பெஞ்சுக்காரர் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளை மாட்டிக் கழற்றுபவர். கன்னத்தில் கரி, கக்கத்தில் சுருட்டிய பச்சைக்கொடி. கணக்கு வந்துவிட்டால் மெல்லச் சீட்டியடிப்பார். பள்ளியிறுதி தேறிய நான் v = u + at என்பதில் t-யைத் தனியாக்கத் திணறும்போதெல்லாம் அந்தச் சீட்டி கேட்கும். வயிறு எரியும்.

ஒருநாள் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், a-வயா மொதல்ல கயட்டுற? t-கூட a-வ மாட்டி, அப்பாலதான் u-வ மாட்னாங்கோ. கடசியா மாட்னத மொதல்ல கயட்டு. நடுப்பொட்டிய உருவ முடியுமா?"

விடை உடனே வந்தது.

வாத்தியார் நோட்டைப் பார்த்து, "யாருப்பா சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"நானேதான் போட்டேன் சார்."

பின்னால் அதே சீட்டி. திரும்பினேன். என் கணக்கு வந்துவிட்டதில் அவர் முகமெல்லாம் சிரிப்பு. கோபம் துளியும் இல்லை.

அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இன்னும் பொறாமை.