கை வைக்கத் தோதான குழாய்

எங்கள் படகின் பின்பக்க விளிம்பில் இரண்டு எஃகுக் குழாய்கள் பதிந்திருக்கின்றன. தூண்டில் கம்பின் அடியைச் செருகி நிறுத்தி வைக்கிற குழாய்கள். கடைக்காரர்கள் ராட் ஹோல்டர் என்பார்கள், எங்கள் வீட்டில் அது வெறும் குழாய்தான். மாயாபந்தர் ஜெட்டிப் பக்கம் போனால் என் கண் முதலில் அவற்றின் மேல்தான் விழும். விழுந்ததும் வயிறு எரியும்.

என் வீட்டுக்காரர் கைத்தூண்டிலில் வளர்ந்தவர். என் மாமனார் ராமநாதபுரத்திலிருந்து கட்டட வேலைக்கு இந்தத் தீவுக்கு வந்தவர். லீவு நாளில் இரண்டு மகன்களையும் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாராம். கம்பு கிடையாது, சக்கரம் கிடையாது. தூண்டில் நரம்பைத் தண்ணீரில் விட்டு விரலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மீன் இரையை மோந்து பார்த்தால்கூட விரலுக்குத் தெரிந்துவிடும் என்று இவர் பெருமையடிப்பார். தூண்டில் தண்ணீரில் இருக்கிறவரை அதிலிருந்து கையை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். என் கொழுந்தன் ஒருமுறை நரம்பைப் படகுக் கட்டையில் சுற்றிவிட்டுப் பீடி பற்றவைத்ததற்கு மாமனார் கன்னத்தில் ஒன்று விட்டாராம். அதை இன்றைக்கும் அண்ணனும் தம்பியும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

பிற்பாடு சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கினார்கள். பக்கத்து ரிசார்ட்டிலிருந்து கெஸ்ட் அனுப்புவார்கள். கொழுந்தன் என்ஜின் பார்ப்பான், இவர் கம்பு பிடிப்பார். மீன் கடித்ததும் கம்பைக் கெஸ்ட் கையில் கொடுப்பார். அவர்கள் சக்கரத்தைச் சுற்றி மீனைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மீன் பிடித்தது யார் என்று எங்களுக்குத் தெரியும், போகட்டும்.

ஒரு சீசன் தொடக்கத்தில் ஒரு பாரை மீன் இவர் கையிலிருந்து கம்பையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கெஸ்ட்டிடம் "பஹுத் படா மச்லி சார்" என்று மீனைப் பெரிதாக்கிச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார்.

"மீனு ஒண்ணும் பெருசில்ல புள்ள. வெரல் விட்டுருச்சு. நான் விடல, அதுவா விட்டுருச்சு."

அதற்கு முன்னாலேயே நான் கவனித்திருந்தேன். டிவி பார்க்கும்போது வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். கேட்டால் எரிந்து விழுவார். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்பார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "ஆமா, உங்க வெரலை எண்ணுறதுதான் எனக்கு வேலை" என்பேன். அப்படியே போய்க்கொண்டிருந்தது. கம்பு போன அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

பஸ் ஏறி, ரங்கத் ஊர் தாண்டி, படகில் பஸ்ஸையே ஏற்றி இறக்கி, போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தோம். அங்கே டாலிகஞ்சில் என் தங்கை வீட்டில் தங்கினோம். காலையில் ஆஸ்பத்திரி. டாக்டர் மெயின்லேண்டிலிருந்து வந்தவர், தமிழ்க்காரர். இவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டச் சொன்னார். அந்த ஒரு பொத்தானோடு இவர் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும். ஏதாவது வேலை செய்யப் போனா ஆட்டம் நின்னுரும். ஆனா பிடிமானம் போகப்போகக் குறையும். மாத்திரை கட்டுப்படுத்தும், குணப்படுத்தாது" என்றார் டாக்டர்.

"கடலுக்குப் போகலாமா?" என்று இவர் கேட்டார். எவ்வளவு நாள் உயிரோடு இருப்பேன் என்று கேட்கவில்லை. அதைத்தான் கேட்டார்.

"முடியிற வரைக்கும் போங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நேரே பஜாருக்கு நடந்தார். "சாப்பிட்டுப் போவோம்" என்றேன். காதில் வாங்கவே இல்லை. படகுச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்த பிறகுதான் என்ன வாங்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. குழாய்! வாழ்நாள் முழுக்க "கம்பைக் குழாயில சொருகிட்டு ஒக்காந்திருக்கிறவனெல்லாம் மீன்காரனா?" என்று கேலி பேசிய மனுஷன்.

கடைக்காரர் பெங்காலி. முதலில் பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்து வைத்தார். படகின் கைப்பிடிக் கம்பியில் கவ்வி நிற்கும், எந்தப் பக்கமும் திருப்பலாம். "ராட் லகாவ், ஹாத் ஃப்ரீ. ஆராம் சே சாய் பியோ" என்று கையை விரித்துக் காட்டிச் சிரித்தார். கை சும்மா இருக்கலாமாம், நிம்மதியாக டீ குடிக்கலாமாம். இவருக்கு நான் அரை கிளாஸ் டீதான் ஊற்றிக் கொடுப்பேன், சிந்தாமல் இருக்க. அந்த ஆளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்.

அடுத்து எஃகில் இரண்டு வகை வந்தது. விளிம்பில் ஓட்டை போட்டு உள்ளே இறக்குகிற வகை. ஒன்று அடியில் திறந்திருந்தது, ஒன்று மூடியிருந்தது. திறந்ததில் அலைத்தண்ணீர் நேரே படகின் வயிற்றுக்குள் இறங்கும், எனவே அது வேண்டாம் என்றார் இவர். மூடியதை எடுத்து என் ஹேண்ட்பேக்கின் காந்தப் பொத்தானில் ஒட்டிப் பார்த்தேன். பாத்திரக் கடையில் நான் வழக்கமாகச் செய்வதுதான். ஒட்டிக்கொண்டது. "அண்ணே, யே தோ ஜங் லகேகா" என்று சண்டைக்கு நின்றேன். காந்தம் ஒட்டுகிற எஃகு துருப்பிடித்துவிடும், எங்கள் உப்புக்காற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் நல்ல எஃகில் கொண்டுவந்தார். அது ஒட்டவில்லை.

இவர் அந்தக் குழாயை மேசை விளிம்பில் வைத்துப் பிடிக்கச் சொல்லி, கடையில் இருந்த ஒரு கம்பை அதில் செருகினார். பக்கத்தில் போய் நின்று வலது கையைக் கம்பின் மேல் வைத்தார். இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடலில் நிற்கிற மாதிரியே நின்றார்.

"இங்கிட்டு இருந்து பாரு புள்ள. நான் புடிச்சிருக்க மாதிரி தெரியுதா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிளாஸ்டிக் குழாயில் கம்பு படகுக்கு வெளியே துருத்திக்கொண்டு தனியாக நிற்கும், ஆள் பிடிக்கவில்லை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். இதில் கம்பின் அடி விளிம்புக்குள் மறைந்துவிடும். கை மேலே இருந்தால், கைதான் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ரிசார்ட்டுக்கு விஷயம் தெரிந்தால் இவரைப் படகிலிருந்து இறக்கிவிடுவார்கள். கை வராத ஆளை நம்பி எவன் கெஸ்ட்டை அனுப்புவான்? படகிலிருந்து இறங்கினால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"தெரியுது. நல்லாப் புடிச்சிருக்கீக" என்றேன். அதில் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

விளிம்பில் ஓட்டை போடுவது கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. "நல்ல படகை ஏன் மதினி பொத்தல் போடணும்?" என்று என்னிடம் வந்து நின்றான். விஷயத்தைச் சொன்னேன். துளை போடுகிற மெஷினை எடுத்துக்கொண்டு போனான். அண்ணன் எப்போதும் நிற்கிற இடத்தில் அவரையே நிற்கவைத்து, கை எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் கோடு போட்டான். தையற்காரன் அளவெடுப்பதைப்போல அவ்வளவு பொறுமை.

அதன் பிறகு நானும் படகில் போக ஆரம்பித்தேன். கெஸ்ட்டுக்குச் சமையல் என்று பேர். தூண்டில் முள்ளை முந்தின நாளே வீட்டில் நான்தான் கட்டி வைப்பேன், முடிச்சு அவர் விரலுக்கு வராது. கம்பைக் குழாயில் விட்டுத் தள்ளி உட்காருங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். அவரால் முடியவில்லை. தூண்டில் தண்ணீரில் இருக்கும்போது கையை எடுப்பதா? கன்னத்தில் அறைய மாமனார் உயிரோடு இல்லை, ஆனாலும் முடியவில்லை. கை கம்பின் மேலேயே இருந்தது. எங்களுக்கும் அதுதானே வேண்டியிருந்தது.

கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது. என்ஜின் ஓட ஓட இரையை இழுத்துக்கொண்டு போகும்போது படகே அதிரும், கம்பும் அதிரும். அதில் எது எந்த ஆட்டம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். நல்ல மனுஷர்கள். என் கையால் சாப்பிட்டு "சூப்பர் ஆன்ட்டி" என்றார்கள். காற்றே இல்லை, கடல் தகடாகக் கிடந்தது. பவளப்பாறைக்கு மேலே என்ஜினை நிறுத்தி இரையை அடிக்கு விட்டோம். இந்த மாதிரித் தூண்டிலில் கம்பின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மீன் கொத்தினால் நுனி துடிக்கும். அதைக் கொழுந்தன்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

இவர் குழாய்க்குப் பக்கத்தில் நின்று கையைக் கம்பின் மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கத்தினாள்.

"பாய்யா, மச்லி! மச்லி!"

நுனி குட்டிக்குட்டியாகத் துடித்துக்கொண்டிருந்தது. புருஷன்காரர் பாய்ந்து வந்து கம்பை எடுத்துச் சுற்றினார். இரை போட்டது போட்டபடி வந்தது. "தின்னாம விட்டுருச்சு" என்றான் கொழுந்தன். மறுபடி இறக்கினார்கள். மறுபடி இவர் கை. மறுபடி நுனி துடித்தது, மறுபடி அவள் கத்தினாள், மறுபடி இரை முழுசாக மேலே வந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும் என்று டாக்டர் சொன்னாரே! கம்பின் பாரத்தைக் குழாய் தாங்குகிறது, கைக்கு வேலையே இல்லை. அது பாட்டுக்கு ஆடுகிறது. நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், "டீ குடிங்க, வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவே இல்லை. நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை அவள் கத்தியபோது புருஷன்காரர் நுனியைப் பார்க்கவில்லை. நுனியிலிருந்து கீழே கம்பு வழியாக அவர் பார்வை இறங்கி இவர் கையில் வந்து நின்றது. பெண்டாட்டியின் தோளைத் தொட்டு அடக்கினார். பிறகு எழுந்து வந்து, இவர் கையைக் கம்பிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். நுனி அசையாமல் நின்றது.

"அங்கிள், ஆப் பைட்டியே" என்றார். உட்காருங்கள் என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். இவர் உட்கார்ந்தார்.

அந்த ஆள் ரிசார்ட்டில் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். பாவம், அவருக்கு வைத்தியம் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். மறுநாள் மேனேஜர் கொழுந்தனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"உங்க அண்ணன் இனிமே வர வேணாம்பா, ரெஸ்ட் எடுக்கட்டும். அதான் ஹோல்டர் மாட்டிட்டீங்களே, நீ ஒரு ஆளே போதும்."

கொழுந்தன் போனை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இவரையே திட்டினேன். "கையை எடுங்க, எடுங்கன்னு கத்தாத குறையா நின்னேன். திரும்பிப் பாத்தீகளா? கல்லு மாதிரி நின்னீகளே, ஆடுறது உங்க கைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் வலது கையை இடது கையால் பொத்தி மடியில் வைத்திருந்தார்.

"மீனுன்னு நெனச்சேன் புள்ள" என்றார்.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."