காலர் மாஸ்டர் பிரித்துவிட்ட தையல்

காலர் மாஸ்டர் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். சட்டையில் மற்றதை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம், கழுத்துக்கு மட்டும் அவரிடம்தான் போகவேண்டும் என்று கடைத்தெருவே சொல்லும். கோணல் கழுத்து, குட்டைக் கழுத்து, தோளில் பாதி புதைந்த கழுத்து, எதுவானாலும் அவர் சட்டைக்குள் போய்விட்டால் ராஜா கழுத்துதான். உடம்பின் குறையை வெளியே தெரியாமல் தைத்துக் கொடுப்பவன்தான் தையல்காரன் என்று அவருக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் அவர் குடியைக் கெடுத்தது.

அவர் மனைவிக்குக் கடையில் பொத்தான் வேலை. கை பாட்டுக்குப் பொத்தான் தைக்கும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். சட்டை வாங்க வந்தவர்கள் வாங்கிய கையோடு போகமாட்டார்கள், முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

அவள் சேலைக்குப் போடும் சட்டைக்கும் அவர் காலர் வைத்துத்தான் தைப்பார். "ஏங்க, கழுத்து இறுக்கிப் பிடிக்குதுங்க," என்றாள் ஒருநாள்.

மாஸ்டர் தைக்கும் காலரில் எப்போதும் உள்ளே கொஞ்சம் துணி மடிந்திருக்கும், பின்னால் பிரித்துவிட வசதியாக. பிரித்துவிட்டார். "என் சம்பாத்தியத்துல சதை போட்டிருக்க. பின்ன இறுக்காதா?" என்று கேலி வேறு. அவளும் சிரித்தாள். அடுத்த வருஷமும் இறுக்கியது, மறுபடியும் பிரித்துவிட்டார். ஏன் இறுக்குகிறது என்று அந்த மனுஷனுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. துணி பற்றவில்லை என்றால் துணியை விடுவது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கும்போது தொண்டைக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்தார். அன்றைக்கே பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். தைராய்டில் கட்டி என்றார் டாக்டர். ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார், கழுத்துக்கு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

ரத்தம் கொடுக்கிற இடம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. கொடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்கேனுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடையில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடந்தது. பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்றார். திறந்தது. அதற்குப் பிறகு கல்யாணச் சட்டைகள் வந்தன.

"ஸ்கேன் எடுக்கச் சொன்னாரே டாக்டர்?" என்று அவள் ஒருமுறை ஞாபகப்படுத்தினாள்.

"ரத்தமே சுத்தமா இருக்குன்னு வந்துடுச்சு. அதுக்கு மேல என்ன இருக்கப்போவுது?"

அவள் முகம் வாடியது அவருக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் கழுத்தையே உற்றுப் பார்க்கிறார்கள் என்று அவள் கூசுவதும் தெரியும். தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். அவள் சட்டைகள் எல்லாவற்றிலும் காலரை உயர்த்தித் தைத்துக் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட வேலை! கட்டி ஒரு கண்ணுக்கும் தெரியவில்லை. அவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

பிறகு குரல் கம்மியது. சளி என்று வெந்நீர் குடித்தாள். மாதக்கணக்காகக் குடித்தாள். கடையில் கதை குறைந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு நாள் போன் செய்து, "யாருங்க பேசறது? அம்மா இல்லையா?" என்று கேட்டாள்.

"நான்தான்டி."

மகள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவின் கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாஸ்டரும் பின்னாலேயே ஓடினார். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிக்குள் மெல்லிய ஊசி விட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது.

"ரத்தம் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே, டாக்டரம்மா," என்றார் மாஸ்டர், கெஞ்சுகிற குரலில்.

"சுரப்பி ஒழுங்கா வேலை செய்யுதான்னுதான் அந்த ரத்தம் சொல்லும். கட்டிக்குள்ள என்னன்னு சொல்லாது. முக்கால்வாசிக் கட்டி ஒண்ணும் பண்ணாதுங்க. ஆனா இது எந்த மாதிரின்னு ஸ்கேன்ல பாக்கணும், சந்தேகம்னா ஊசி போட்டுப் பாக்கணும். குரல் மாறினப்பவாவது வந்திருக்கலாம்."

"முதல்லயே வந்திருந்தா?" என்றாள் மகள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தாள். "ஆரம்பத்துல பாத்தா பெரும்பாலும் குணமாயிடும் இது."

வாசலில் அவள் கழற்றிவிட்ட செருப்பை மாஸ்டர் கையில் எடுத்து வைத்திருந்தார். அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது, எந்த மருந்துக்கும் மசியவில்லை. பேச்செல்லாம் காற்றாகிவிட்டது. ஆனாலும் கடைக்கு வந்து தன் முக்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"இனிமே என் கழுத்தை மூடாதீங்க," என்றாள். "மூச்சு முட்டுது. தழும்பு தெரிஞ்சா தெரியட்டும்."

மாஸ்டர் அவளுடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து மடியில் போட்டுக் காலரைப் பிரித்தார். பிரித்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே முதல் தையல் ஓடிய ஊசித் துளைகள் ஒரு வரிசை. கொஞ்சம் தள்ளி, பிரித்துவிட்டுத் தைத்த வரிசை. அதற்கும் தள்ளி இன்னொன்று. கட்டி வளர வளர அவரே, அவர் கையாலேயே, கோடு போட்டு வைத்திருந்தார். பாவி மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

அவள் எட்டி அந்தத் துணியை வாங்கினாள். வரிசைகளை விரலால் தடவிப் பார்த்தாள். கோபிக்கத்தான் அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"பாருங்க," என்றாள், காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். "ஒண்ணுகூடக் கோணல் இல்ல."

திறந்த கழுத்துச் சட்டையை அவள் கொஞ்ச நாள்தான் போட்டாள். அதைப் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

மாஸ்டர் இன்னும் தைக்கிறார். முக்காலி அங்கேயே இருக்கிறது, பொத்தானையும் அவரே தைத்துக்கொள்கிறார். யாராவது வந்து காலர் இறுக்குகிறது, கொஞ்சம் பிரித்துவிடுங்கள் என்றால் போதும், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் இறுக்குது?" என்று கேட்கிறார். வந்தவர் சிரித்துக்கொண்டே, சதை போட்டுவிட்டது மாஸ்டர் என்பார். அவர் சிரிப்பதில்லை. "தண்ணி குடிங்க, பாக்கறேன்," என்று ஒரு டம்ளரை நீட்டுகிறார்.