கிடாவுக்கும் ஒரு வாய்தா

டார்கஸ் ஆல்டர்சனின் கிடா கத்தினால் யார்க்‌ஷயரில் பாதிப் பேருக்குக் கேட்கும். மிகை என்று நினைக்கிறவர்கள் 1916 நவம்பரில் எங்கள் பள்ளத்தாக்கில் வந்து படுத்துப் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்களுடைய கிடாக்கள் எல்லாம் மலைமேல் பெண்ணாடுகளோடு திரிந்துகொண்டிருக்க, அவளுடையது மட்டும் கொட்டகைக்குள் அடைபட்டு, கதவை முட்டி முட்டி ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தது.

அதை அடைத்துவைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை.

டார்கஸ் கைம்பெண். மூத்தவன் ஆமோஸ் அந்த ஜூலையில்தான் பிரான்சில், சண்டையில் செத்திருந்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தவன் நினியன், பத்தொன்பது வயது. அவனுக்கும் பட்டாளத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. இவனில்லாமல் பண்ணை நடக்காது என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்கள். அதை விசாரிக்கச் சந்தை டவுனில் ஒரு குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் ஒரு வக்கீல். பட்டாளத்தின் பக்கம் பேச, பூட்ஸில் முகம் பார்க்கலாம் போல ஒரு கேப்டன். ஆடு தெரிந்தவர் ஒருவராவது வேண்டுமே என்று, டார்கஸின் பக்கத்துப் பண்ணைக்காரர் கிட் ஐவ்சன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வக்கீல் தொண்டையைச் செருமினார். "குட்டி ஈனும் காலம் முடியும்வரை, அட்ஜர்ன்ட்" என்றார்.

டார்கஸ் மாடிப்படியிலேயே கிட்டை மடக்கினாள்.

"அது என்ன கிட், அந்தப் பெரிய வார்த்த? விட்டுட்டாங்களா, புடிச்சிட்டாங்களா?"

"ரெண்டும் இல்லம்மா. கேஸ அப்படியே கெடப்புல போட்டிருக்காங்க. வாய்தா. ஆடெல்லாம் குட்டி போட்டு முடிச்சதும் திரும்ப எடுப்பாங்க."

"இல்லேன்னு சொல்ல வாய் வராதவங்க சொல்றதா?"

"இல்லேன்னு அப்புறமா சொல்றவங்க சொல்றது."

ஒரு வாரத்துக்குள் அந்த வார்த்தை எங்கள் ஊர் வாய்களில் புகுந்துவிட்டது. பிரெட் தீர்ந்துபோனால் பேக்கரிக்காரி அட்ஜர்ன்ட் என்றாள். ஒன்பது வருஷமாக ஒரே பெண்ணுக்கு மோதிரம் வாங்கப் போய்க்கொண்டிருந்த கொல்லன் தன் கல்யாணமும் அதேதான் என்றான். பையன்கள் குளியலைக்கூட அப்படித்தான் தள்ளிப்போட்டார்கள்.

டார்கஸுக்குத்தான் அது சிரிப்பாக இல்லை. அவள் அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வக்கீல் தேதி சொல்லவில்லை. குட்டி ஈனும் காலம் முடியும்வரை என்றார். அது எப்போது முடியும் என்பது எப்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. எப்போது தொடங்கும் என்பதோ, கிடாவை எப்போது விடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

எல்லோரும் கிடா விட்ட காலையில் அவள் போய்க் கொட்டகையைப் பூட்டினாள்.

"என்னம்மா இது?" என்றான் நினியன். "ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்கு ஒரு மாசம் வேணும்."

"ஒரு மாசத்துல என்ன ஆயிடும்?"

"சண்ட நின்னுடலாமில்ல? நாலு வாரத்துல எவ்வளவோ நடக்கும்டா. உங்கப்பன் நாலே நாள்ல செத்தாரு."

டிசம்பர் நடுவில்தான் கிடா வெளியே வந்தது. கதவைத் திறந்தவளையும் தள்ளிவிட்டு ஓடியது.

சண்டை நிற்கவில்லை. ஏப்ரலில் பனிப்புயல்தான் வந்தது. அப்போதுதான் பிறந்த ஈரக் குட்டிகள் கற்சுவர் ஓரங்களில் அப்படி அப்படியே விறைத்தன. கிட் ஐவ்சன் மண்வெட்டியால் பனியைத் தோண்டி, தன் குட்டிகளை வண்டியில் விறகு அடுக்குவதுபோல அடுக்கினார். டார்கஸின் ஆடுகள் இன்னும் சினையாகவே இருந்தன. மே மாதத்து இளவெயிலில், புல்லுக்கு நடுவே, ஒன்றுகூடச் சாகாமல் ஈன்றன.

தேவாலயத்தில் அவளுக்கு வணக்கம் சொல்வதை எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். முதலில் நிறுத்தியது கிட்.

ஜூனில் கேஸ் எடுத்தார்கள்.

"மத்த பண்ணையிலெல்லாம் எப்பவோ முடிஞ்சாச்சு. இங்க மட்டும் ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார் கேப்டன்.

எல்லோரும் கிட்டைப் பார்த்தார்கள். கிட் மேஜையைப் பார்த்தார்.

"கிடாவ அடைச்சு வெச்சிருந்தாங்க, ஐயா" என்றார் கடைசியில். "வேணும்னே."

வக்கீலின் முகம் சிவந்தது. "குழுவ ஏமாத்தினா ஆறு மாசம் ஜெயில், தெரியுமில்ல? யாரோட வேலை இது? பையனோடதா?"

நினியன் வாயைத் திறந்தான். டார்கஸ் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"என்னோடது ஐயா. இவனுக்கு என்ன தெரியும்? கிடா எப்ப விடறது, எத விக்கறது, எத வெக்கறது, எல்லாம் நான்தான். இவன் சொன்னதச் செய்வான். அவ்வளவுதான்."

"அப்போ பண்ணைய நடத்துறது நீங்கதான்" என்றார் கேப்டன்.

"பின்ன?"

கேப்டன் பேனாவை மூடி வைத்தார். குரலில் கோபமே இல்லை. "இந்த வருஷம் இந்தப் பக்கத்துலயே முழு மந்தை உங்ககிட்டதான் இருக்குன்னாங்க. பிள்ளையப் பறிகொடுத்தவங்கள ஜெயில்ல போட யாருக்கும் மனசு வராது. ஆனா இவன் இல்லேன்னா பண்ணை நிக்காதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே, அத இப்ப நீங்களே இல்லேன்னுட்டீங்க."

டார்கஸுக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயா, வாய்தா... புல் அறுக்கறவரைக்குமாவது..."

"இல்ல" என்றார் வக்கீல். இந்த முறை பெரிய வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை.

வீடு திரும்பும் மலைப்பாதையில் நினியன்தான் பேச்சை எடுத்தான்.

"நாந்தான் செஞ்சேன்னு என்னையச் சொல்ல விட்டிருக்கலாம்மா."

"பைத்தியமா உனக்கு? ஜெயிலுக்குப் போயிருப்ப."

"ஆமா. ஆறு மாசம்."

"அந்த அவமானத்த யாரு..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள்.

"ஆறு மாசம் உசுரோட இருந்திருப்பேன்" என்றான் நினியன். அவள் மேல் குற்றம் சுமத்தும் குரல் இல்லை அது. ஆட்டு விலை சொல்வதுபோலச் சொன்னான். "கிடாவ அடைச்சு நீ வாங்கினது ஒரு மாசம்தான்."

டார்கஸ் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் கை கொடுத்து எழுப்ப வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அவன் ரயிலேறினான். மறு வருஷம் மார்ச்சில், ஆமோஸைப் போலவே, உடம்புகூடக் கிடைக்காமல் செத்தான்.

அதற்குப் பிறகு டார்கஸ் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். ஆட்டு ரோமம் கத்தரித்தது, வேலி கட்டியது, பனியில் ஆடு தேடிப் போனது எல்லாம் ஒற்றை ஆளாகத்தான். கூலிக்குக்கூட ஓர் ஆளை வைக்கவில்லை. கேப்டன் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.