தலைமாட்டுக் கயிறு

எங்கள் ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் 'ஸ்ட்ரவேக்' என்றொரு பழைய சொல் உண்டு. மனம் போன போக்கில் திரிவது என்று பொருள். பாதிரியார் சொன்னால் அது வெட்டிப்பயல் வேலை. பழைய பாட்டுகளிலோ காதலித்தவன், கனவு கண்டவன், நிலா வெளிச்சத்தில் வழிதவறியவன் எல்லாருமே ஸ்ட்ரவேக் பண்ணுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியவள் நான். ரொட்டிக்கடையில் வேலை முடிந்ததும் என் புருஷன் வாட்டி மலையேறிவிடுவார்.

"மகராசா எந்த ராஜ்ஜியத்தப் பிடிச்சுட்டு வர்றீங்க?" என்பேன்.

"மேகம் எறங்கி ஆட்டோட சேந்து மேஞ்சுது, மிரன். எது ஆடுன்னே தெரியல."

அப்புறம் கோபம் எங்கே வரும்? எனக்கும் கொஞ்சம் கண் சொக்கிவிடும்.

ஆனால் மாமனார் உயிர் பிரிந்தபோதும் வாட்டி மலையில்தான் இருந்தார். அன்றோடு அவருடைய அண்ணன் ஆடம் பேச்சை விட்டார். தன் வீட்டு வாசலையும் மிதிக்க விடவில்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தது அந்த வீட்டில்தான்.

அங்கேயே அவரும் இறந்தார். எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. எந்தக் கயிறு யாருக்கு என்று வீடு தேடி அட்டை வரும். தலைமாட்டுக் கயிறு மூத்த மகனுக்கு. எங்களுக்கு அட்டையே வரவில்லை.

"பெத்த தாயோட கயித்தக்கூடத் தொட விடமாட்டானா?" என்று கேட்டுவிட்டு, அடக்கத்தன்று விடியுமுன்னே வாட்டி மலைக்குக் கிளம்பிப் போனார்.

பெண்கள் குழியருகே போவதில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றேன். மலையும் ஆறும் எங்கே போயினவோ, எல்லாம் வெள்ளை மூட்டம். ஏழு பேர் கயிற்றோடு நின்றார்கள். ஒரு கயிறு புல்லில் கிடந்தது. பாதிரியார் இருமிப் பார்த்தார். ஆடம் அசையவில்லை.

கடைசியில் மூட்டத்துக்குள்ளிருந்து வாட்டி இறங்கி வந்தார். சேற்றுக் காலோடு என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அங்க என்னடா நிக்கற? உள்ள வா" என்றார் ஆடம்.

"எனக்கு அட்ட வரலியே, அண்ணே."

"கோவத்துல அனுப்பல. வா."

வாட்டி போனதும், தன் கையிலிருந்த தலைமாட்டுக் கயிற்றை அவரிடம் நீட்டிவிட்டு, புல்லில் கிடந்ததை ஆடம் எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, இது உன்னோடது."

"அம்மா கட்டில ஜன்னலோரம் போடச் சொன்னா. தெனமும் மலையில உன்னத்தான் தேடுவா. நீ கண்ணுல பட்ட அன்னிக்குத்தான் வாயத் தெறந்து கஞ்சி குடிப்பா. பிடிடா."

வாட்டி பிடித்துக்கொண்டார்.