கடாரத்துக் கதைக்கு இரண்டாம் பரிசு

சரித்திரக் கதைப் போட்டி என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தபோது நாங்கள் சிங்கப்பூரின் வடகோடியில் மார்சிலிங்கில் குடியேறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எழுபதுகளின் கடைசி அது. போட்டியை ஒரு தமிழ்ச் சங்கம் நடத்தியது. கதை முந்தைய நூற்றாண்டுகளில் நடக்க வேண்டும், நம் வட்டாரத்தையும் தொட வேண்டும் என்று விதி. என் கணவர் படித்துவிட்டு, "நீ எழுதேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். கல்யாணத்துக்கு முன் வானொலிக்குக் கதைகள் அனுப்பியிருந்தேன். சிலவற்றை ஒலிபரப்பினார்கள். மகள் பிறந்த பிறகு ஒரு வரி எழுதவில்லை. அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. காய்ச்சல் வந்தால் தூங்க மாட்டேன். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அப்படிப்பட்ட தாய் நான்.

எதை எழுதுவது என்பதே முதலில் குழப்பம். நான் படித்திருந்த சரித்திரக் கதைகளில் எல்லாம் ஓர் அரசர் இருப்பார், ஒரு சதி இருக்கும், குதிரையில் ஒரு வீரன் வருவான். எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சோழர் கப்பல்கள் மலாயாக் கரையிலிருந்த கடாரத்தைத் தாக்கியதைப் பள்ளியில் படித்தது ஞாபகம் இருந்தது. அந்தத் துறைமுகத்தில், நாகப்பட்டினத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட ஒரு குடும்பத்தை வைத்தேன். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். கடலில் கப்பல்கள் தெரிகின்றன. வருகிறவர்கள் தன் ஊர்க்காரர்கள் என்று சந்தோஷப்படுவதா, தன் வீட்டைக் கொளுத்த வருகிறவர்கள் என்று பயப்படுவதா என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறாள். அவ்வளவுதான் கதை.

எதிர்வீட்டில் என்னைவிட இளையவள் ஒருத்தி இருந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"ராஜாவே வரலையே அக்கா?"

"கப்பல்ல இருக்காரு."

"கடைசி வரைக்கும் எறங்கவே மாட்டாரா? பாவம் லா, அவ்வளவு தூரம் வந்துட்டு."

அன்றிரவே ராஜாவை இறக்கிவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். காலையில் கிழித்துப் போட்டேன். மத்தியானம் கிழித்தது தப்போ என்று தோன்றியது.

என் கணவர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வரும், பாய்மரக் கப்பல் எப்போது இந்தப் பக்கம் வரும் என்று அவர்தான் கேட்டு வந்து சொன்னார். சாயங்காலங்களில் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் அடுக்குமாடி பிளாக்கின் கீழே சுற்றினார். கதையை என் பெயரிலேயே அனுப்பினேன். புனைபெயர் வைத்துக்கொள்ளும் துணிவு எனக்கு இல்லை. அது பெரிய எழுத்தாளர்களின் வேலை என்று நினைத்தேன்.

இரண்டாம் பரிசு என்று தகவல் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி கிடையாது. குடும்பத்தோடு வருகிறோம் என்று என் கணவர்தான் அலுவலகத்திலிருந்து சங்கத்துக்குப் போன் செய்து சொன்னார்.

விழா சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பட்டுப்புடவை கட்டினால் பரிசுக்கு அலைகிறவள் என்று நினைப்பார்கள், கட்டாவிட்டால் மதிக்கத் தெரியாதவள் என்று நினைப்பார்கள். கட்டி, அவிழ்த்து, மறுபடியும் அதையே கட்டினேன். பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். நாங்கள் முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

இரண்டாம் பரிசு என்று அறிவித்த சங்கச் செயலாளர், என் பெயரைச் சொல்லிவிட்டு என் கணவரைப் பார்த்துக் கை நீட்டி, "வாங்க சார், மேடைக்கு வாங்க" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். என் தோளில் குழந்தை தூங்குவதால் எனக்குப் பதிலாக அவரைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தாராம். போங்கள் என்று தலையாட்டினேன். போனார். பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு செயலாளர் ஒலிபெருக்கியில், "சாருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க, மனைவி பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டிருக்காரு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போதெல்லாம் மனைவி பெயரில் எழுதும் ஆண்கள் நிறைய. பத்திரிகையில் ஒரு பெண் பெயரைப் பார்த்தால், "யாரிது, எங்க வேலை பாக்குறாரு?" என்றுதான் கேட்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வானொலியில் கேட்ட ஒரு பெண் பெயரைப் பல வருஷம் மீசைக்காரர் ஒருவராகத்தான் நானும் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் மூன்று பிள்ளைகளின் தாய்.

என் கணவர் மேடையில் அசையாமல் நின்றார். பச்சைக் கரை போட்ட அந்தச் சால்வை ஒரு தோளில் சரிந்திருந்தது. எழுந்து நான்தான் எழுதினேன் என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் அவருக்கு அவமானம். சொல்லாவிட்டால் அந்தக் கதை என்னுடையது இல்லை. அதோடு இன்னொரு நினைப்பும் வந்து தொல்லை செய்தது. முழுக்க என்னுடையதுதானா? காற்று அவர் சொன்னது. எழுத நேரம் அவர் தந்தது. சால்வையில் பாதி அவருக்குச் சேர வேண்டியதோ? இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவர்களில் ஒருவர் எழுந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர். பேச்சில் கிண்டல் உண்டு.

"கதை ரொம்ப நல்லாயிருக்கு. முதல் பரிசே குடுத்திருக்கணும். ஏன் குடுக்கலைன்னு எழுதினவருகிட்டயே கேக்குறேன். அந்தத் தாய் குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கிறா. உப்பு, மிளகாய் வெச்சுச் சுத்திப் போடுறா. சோழர் காலத்துல கடாரத்துல மிளகாய் ஏது சார்? அது வெள்ளைக்காரன் கப்பல்ல வந்தது, பல நூறு வருஷம் கழிச்சு. உங்க கதையில மட்டும் எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

சபை சிரித்தது. மகளுக்கு உடம்பு காய்ந்தால் காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்து மூன்று தடவை சுற்றி அடுப்பில் போடுவேன். நெடி வந்தால் கண் படவில்லை என்று அர்த்தம், வராவிட்டால் பட்டிருக்கிறது. என் கை அதை அப்படியே எழுதிவிட்டிருந்தது. விளக்கு என்ன விளக்கு, படகில் என்ன மரம் என்று தேடித் தேடிச் சரிபார்த்தவளுக்கு மிளகாயைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

என் கணவர் ஒலிபெருக்கியை வாங்கினார். "அது... அவங்களத்தான் கேக்கணும்" என்று என்னைக் காட்டினார்.

மறுபடியும் சிரிப்பு. அடுத்த அடக்கம் என்று நினைத்தார்கள்.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. "நான்தாங்க போட்டேன்" என்றேன். "மிளகாய் அப்ப இல்லைன்னு யோசிக்கல."

"நீங்க போட்டீங்களா? மிளகாய மட்டுமா?"

"கதையையும்."

"முழுசாவா அம்மா?"

ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். "காத்து அவரு சொன்னது" என்றேன். இந்தத் தடவை நடுவரும் சிரித்தார். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. பொன்னாடை ஒன்றுதான் இருந்தது, அது போர்த்தியாகிவிட்டது. ஒருவர் தோளிலிருந்து எடுத்து இன்னொருவருக்குப் போர்த்துவது முறையில்லை. ஆண்கள் ஒரு பெண்ணுக்குப் போர்த்துவதும் வழக்கமில்லை, மேடையிலோ பெண்கள் யாரும் இல்லை. மூன்று பேர் கூடிக் கிசுகிசுத்தார்கள். அதற்குள் என் கணவரே இறங்கி வந்து சால்வையை என் மேல் போட்டார். கல்யாண வீடு மாதிரி கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மகள் விழித்து அலறினாள். சங்கம் எனக்குப் போர்த்தியதா, புருஷன் பெண்டாட்டிக்குப் போர்த்தியதா என்று தெரியாமல் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் கேட்டேன். "உடனே சொல்லியிருக்கலாமே?"

"என்னான்னு சொல்றது? இது என் பொண்டாட்டி எழுதினது, ஆளை விடுங்கன்னா? நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, களைப்பா என்று தெரியவில்லை.

பரிசுக் கதைகளைப் புத்தகமாகப் போட்டார்கள். இனிச் சந்தேகம் வராமல் இருக்க உங்கள் படம் வேண்டும் என்று செயலாளர் கேட்டனுப்பினார். கதையில் மிளகாயைக் கடுகாக மாற்றச் சொன்னேன். கடாரத்தில் கடுகு கிடைத்திருக்குமா என்று அதன் பிறகு ஒரு வாரம் கவலைப்பட்டேன்.

புத்தகம் வந்த செய்தி கேட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் ஒரு புத்தகக் கடைக்குப் போனேன். நான் பக்கம் புரட்டுவதைப் பார்த்துக் கடைக்காரர் சொன்னார். "அந்தக் கடாரத்துக் கதையைப் படிங்கம்மா. போர்ட்ல வேலை பாக்குற ஒருத்தரு, சம்சாரம் பேர்ல எழுதியிருக்காரு."

"படம் போட்டிருக்கே."

"படமும் சம்சாரத்தோடதுதான். என்னா தைரியம் பாருங்க."

"அது நான்தாங்க."

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நீங்கதான் அவரு வீட்டுக்காரம்மாவா? சாரு நல்லா எழுதுறாரு, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"அவரு எழுதல. நான் எழுதினேன்."

"சரிம்மா" என்றார். நம்பிச் சொன்னாரா, வாங்க வந்தவளோடு ஏன் வாக்குவாதம் என்று சொன்னாரா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு வேகம் வந்ததோ, அவர் காதில் செருகியிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, கதையின் முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மகள் பேனாவைப் பிடித்து இழுத்ததில் கடைசி எழுத்து கோணலாகப் போனது.

அவர் புத்தகத்தைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார்.

"கிறுக்கிட்டீங்க. இதை நீங்கதான் வாங்கிக்கணும்மா."

வாங்கிக்கொண்டேன்.