சைக்கிளால் விழுந்த காயம்

முதலில் நான் சந்தேகப்பட்டது குடியை. என்ர மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார், சாப்பாட்டைத் தொடமாட்டார், சும்மா ஏதும் கேட்டாலும் எரிந்து விழுவார். கிட்டப்போய் வாயை மணந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பிறகு வெள்ளவத்தைச் சந்தை மீன், எங்கட ஃப்ளாட்டின் தண்ணீர்த் தொட்டி, ஆரோ கொடுத்த லேகியம் என்று ஒவ்வொன்றிலும் சந்தேகம் பிடித்தது. லேகியத்தைக் குப்பையில் போட்டதுக்கு என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் திரிந்தார். திரியட்டும், எனக்கென்ன.

இரத்தத்தில் ஈயம் கூட என்றார் டொக்டர். இளம் சிங்கள டொக்டர், தன்மையான ஆள், எங்களோடு இங்கிலிஷில்தான் கதைப்பார். பெயின்ற் வேலையா, பற்றரி வேலையா என்று கேட்டார். இவர் கந்தோரில் கணக்குப் பார்க்கிறவர். உடம்புக்குள் உலோகம் ஏதும் இருக்கா என்று கேட்டதுக்கு, யோசிக்காமலே "இல்லை" என்றார். முழங்கால் தழும்பு? சைக்கிளால் விழுந்ததாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் பாண் வாங்கப் போன இடத்தில் பட்ட துப்பாக்கிச் சூடு அது. அந்த நேரம் எடுக்க வசதியில்லை, சன்னத் துண்டுகள் உள்ளேயே நின்றுவிட்டன. இவர் ஒரு இயக்கத்திலும் இருந்ததில்லை. ஆனால் சூட்டுத் தழும்பைக் கண்டால் இயக்கம் என்று பிடித்துக்கொண்டு போவார்கள், அதால் கொழும்புக்கு வந்த எங்கட ஆக்களுக்குக் காயம் என்றால் சைக்கிள்தான். சோதனைச் சாவடியில் சொன்ன பொய்யைப் பெண்பார்க்க வந்த இடத்தில் என்ர ஐயாவுக்கும் சொன்னவர். எனக்கு உண்மை தெரிந்தது பிள்ளை பிறந்த பிறகு.

வெளியில் வந்ததும் பிடித்தேன். "டொக்டரிட்டயும் பொய்யோ?"

"கொம்பியூட்டரில ஏத்தினால் ஆர் ஆர் பாப்பினமோ."

"சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்? விசர்க்கதை கதையாதேங்கோ அப்பா."

"உனக்குத் தெரியாது."

பிறகு அவருடைய வலது கை மணிக்கட்டோடு தொங்கத் தொடங்கியது. பேனையைப் பிடிக்க ஏலாமல் போச்சு. நான் நல்லாய்ப் பயந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது, அவர் வாய் திறக்க முதல் நானே டொக்டரிடம் சொன்னேன், முழங்காலுக்குள் சன்னத் துண்டு இருக்கென்று.

"இதை ஏன் முதலே சொல்லவில்லை?" என்றார் டொக்டர். மூட்டு நீரில் ஈயம் கரைந்து இரத்தத்தில் சேருதாம். துண்டுகளை எடுத்தால் சுகப்படுத்தலாமாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இவர் டொக்டரைப் பார்க்கவேயில்லை. என் பக்கம் சரிந்து, மெல்லத் தமிழில் கேட்டார்: "கதவு சாத்தியிருக்கோ?"

ஏசத்தான் வாயெடுத்தேன். ஆனால் திரும்பிப் பார்த்தேன். கதவு அரைவாசி திறந்து கிடந்தது. எழும்பிப்போய்ச் சாத்திப்போட்டு வந்து இருந்தேன்.