அக்காவின் குரலில் வந்த பதில்

மதியம் ஒன்றேகால் மணி. அக்காவின் கணவர், என் மச்சான், முதலில் பார்த்தது காலையில் வைத்த கஞ்சியை. பின்னறைக்கு வெளியே ஸ்டூலின் மேல், மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

"ஏம்புள்ள, கஞ்சி குடிக்கலையா?"

"நல்லாத்தானுங்க இருக்கறேன். நீங்க போயி சாப்பிடுங்க." உள்ளிருந்து அக்காவின் குரல். தொடர்ந்து குக்கர் விசில் அடித்தது. மச்சான் அடுப்பை அணைக்கப் போனார்.

அக்கா பெருமாட்டியில் பிறந்தார். பாலக்காட்டுச் சித்தூர்க் கல்லூரியில் படித்து, வடகரப்பதிக்கு வாழ்க்கைப்பட்டார். மகள் பூர்ணிமாவுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் டீச்சர் வேலையை விட்டார். பூர்ணிமா தானாகப் பேசமாட்டாள். ஒருமுறை கேட்ட பேச்சை, கேட்ட குரலிலேயே, கூடவே கேட்ட சத்தங்களோடு திருப்பிச் சொல்வாள். வேலியோரம் பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டால் அவளே அக்காவாகப் பதில் கொடுப்பாள். "நானில்லாட்டியும் எம்பட பேச்சை இவளே பேசிக்குவா, போங்க" என்று அக்கா சிரிப்பார்.

தொற்றுக் காலத்தில் கேரள-தமிழ்நாட்டு எல்லைச் சாலையில் மண் கொட்டி அடைத்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துச் சிறப்புப் பள்ளியின் வேன் நின்றது. பூர்ணிமா தினமும் சீருடை அணிந்து வாசலில் நின்றாள். அக்கா அவளை மண்மேடு வரை நடத்திச் சென்று, காட்டி, திரும்ப அழைத்து வந்தார். அவள் தன் கையைக் கடித்துக்கொள்ளும் நாட்களில் தம் கையைக் கொடுத்தார். முழுக்கை ரவிக்கை அணியத் தொடங்கியது அப்போதுதான். நலம் விசாரித்த எல்லோருக்கும் "நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்ற ஒரே பதில்தான்.

இரண்டாவது அலையில் தாய்க்கும் மகளுக்கும் தொற்று. மச்சானுக்கு இல்லை. அக்கா மகளோடு பின்னறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். "நீங்களும் படுத்துட்டா இவளை ஆருங்க பாக்கறது? கதவைத் தொடாதீங்க." ஊர்ச் சுகாதாரத்தைக் கவனிக்கும் ஆஷா பணியாளர் தினமும் போனில் "சேச்சி, சுகமாணோ?" என்று கேட்டார். நானும் கேட்டேன். பதில் வந்தது.

அன்று மதியம் விசில் கேட்டு மச்சான் அணைக்கப் போனபோது சமையலறையில் அடுப்பு எரியவில்லை. குக்கர் கழுவிக் கவிழ்த்திருந்தது. மச்சான் கதவருகே திரும்பி வந்து, "மாத்திரை முழுங்கினியா?" என்றார்.

"நல்லாத்தானுங்க இருக்கறேன். நீங்க போயி சாப்பிடுங்க." அதே ஏற்றம், அதே இறக்கம். அதே விசில், கதவுக்குள்ளிருந்து.

தாழ்ப்பாளை உடைத்தார். அக்கா நினைவின்றிக் கிடந்தார். பூர்ணிமா சீருடையில், கதவைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போன் அவள் மடியில் இருந்தது. காலையில் ஆஷா பணியாளரிடம் பேசியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

பாலக்காட்டு மருத்துவமனையில் சில நாள் கழித்து அக்கா காலமானார்.

கவச உடையோடு ஓடிவந்து தூக்கிய ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், செய்தி கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட ஆஷா பணியாளருக்கும், பூர்ணிமாவின் சீருடையை இன்றும் துவைத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் குக்கரை மச்சான் என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். அக்கா வீட்டில் மதியம் இப்போதும் விசில் கேட்கிறது.